நோமோசி ராஜவேலு

கோட்டைக்குப்பத்தில் வந்து ராஜவேலு வீடு எது என்று கேட்டால், எந்த ராஜவேலு என்று திருப்பிக் கேட்பார்கள். நோமோசி ராஜவேலு என்று சொன்னால் வாசல் வரைக்கும் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார்கள். நோமோசி என்றால் என்ன என்று மட்டும் யாரிடமும் கேட்டுப் பயனிருந்ததில்லை. போன கோடை வரைக்கும் அது யாருக்கும் தெரியாது. ராஜவேலுவுக்கே தெரியாது.

அது ஓர் இங்கிலீஷ் பாட்டிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். இருபது வயதில் ராஜவேலு காசிமேட்டில் விசைப்படகுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் பர்மா பஜாரில் ஒரு கேசட் வாங்கினார். அட்டை இல்லை, பெயர் இல்லை, யாரோ வீட்டில் பதிவு செய்தது. அதில் முதல் பக்கத்தின் கடைசியில் ஒரு பாட்டு. வெள்ளைக்காரர்களின் பழைய ராக் பாட்டு. கிட்டார் தனியாக நடுங்கிக்கொண்டே ஆரம்பிக்கும், அப்புறம் டிரம்ஸ் வந்து விழும், ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான். பாட்டு முடிவதற்குள் டேப் தீர்ந்து 'டக்'கென்று நின்றுவிடும். அந்த ஒரு பாட்டுக்காகவே ராஜவேலு கிட்டார் வாங்கினார். படகில் கிடைத்ததெல்லாம் அதற்குத்தான் போயிற்று. ராயபுரத்தில் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் ஒட்டிக்கொண்டு, விரலில் ரத்தம் கட்டக் கட்டக் கற்றுக்கொண்டார்.

அந்தக் காலத்து ஆர்கெஸ்ட்ராக்களில் சாமி பாட்டு, சினிமாப் பாட்டு எல்லாம் முடிந்து நடுவில் ஓர் இங்கிலீஷ் அயிட்டம் இருக்கும். அது ராஜவேலுவின் இடம். வார்த்தைகளைக் காதில் விழுந்தபடி மனப்பாடம் செய்திருந்தார். 'செவந்த ரம்பை' என்று ஓரிடத்தில் வரும். சிவந்த நிறத்து ரம்பை ஒருத்தி ஆடுகிறாள் என்று அவரே அர்த்தம் வைத்துக்கொண்டார். 'கிலாஸ்' என்று ஒரு வார்த்தை வரும். சரி, தண்ணி அடிக்கிற பாட்டு. அந்த இடத்தில் மேடையில் ஒரு டம்ளரைத் தூக்கிக் கவிழ்ப்பதுபோல் நடிப்பார். பிறகு நாலு தரம் 'நோமோசி, நோமோசி' என்று வரும். கூட்டமே சேர்ந்து கத்தும். பழவேற்காட்டைச் சுற்றி எந்தக் குப்பத்தில் திருவிழா என்றாலும் நோமோசி இல்லாமல் விடமாட்டார்கள்.

அமுதவல்லி அவரைக் கட்டிக்கொண்டதும் அந்தப் பாட்டால்தான். திருவிழாவில் அவர் பாடியதைக் கேட்டு, இங்கிலீஷ் தெரிந்த ஆள் என்று நினைத்துச் சம்மதித்தாள். கல்யாணமான புதிதில் ஒரு மருந்து டப்பாவைக் கொடுத்து இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல் என்றாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்றார். அது தலைவலித் தைலம். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தவள், பிறகு அதைச் சொல்லியே அவரை வாழ்நாள் முழுக்க மடக்கினாள்.

ஆர்கெஸ்ட்ரா கலைந்தபின் ராஜவேலு ஊரோடு வந்து ஃபைபர் படகில் பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் போனார். ஒரே மகன் தீனா வளர்ந்து, வளைகுடா நாட்டுக்கு மீன்பிடிக் கூலியாகப் போய்விட்டான். கிட்டார் பரணில் கிடந்தது. அதை இறக்க வைத்தவர் சிகாமணி பாஸ்டர்.

முழுப் பெயர் தெய்வசிகாமணி. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர், அதை விட்டுவிட்டுப் பக்கத்து ஊரான தோணிரேவில் ஓட்டுக் கூரை போட்டு ஒரு ஜெபவீடு நடத்தினார். அங்கே பாட்டுக்குத் தாளம் தட்ட ஆள் இருந்தது, கிட்டாருக்கு ஆளில்லை. கேள்விப்பட்டு ஸ்கூட்டரில் வந்து கூப்பிட்டார். ராஜவேலு கிட்டாருக்காகத்தான் போனார். போகப் போக, பிரசங்கம் நடக்கும்போது கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு கேட்கவும் ஆரம்பித்தார். ஞானஸ்நானம் எடுக்கவில்லை. பாஸ்டர் கேட்கும்போதெல்லாம், "இன்னும் கொஞ்சம் கேட்டுக்கிறேன் பாஸ்டர்" என்பார். அமுதவல்லி வழக்கம்போல் அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

போன கோடையில் பாஸ்டர் பைபிளின் கடைசிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். உலகம் எப்படி முடியும் என்பது. வாரம் ஒரு பகுதி. முத்திரைகள், எக்காளங்கள், மூன்றில் ஒரு பங்கு கடல் ரத்தமாவது என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. அந்தக் கோடையில் ஏரி கடலில் சேரும் முகத்துவாரமும் மணல் மூடிக் கிடந்தது. கடல் தண்ணீர் ஏரிக்குள் வரவில்லை, இறாலும் வரவில்லை. படகுகளைத் தள்ளிக்கொண்டு மணலில் நடக்க வேண்டியிருந்தது. அதனால் ஜெபவீட்டில் ஆட்கள் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் கடைசிப் பகுதிக்கு வந்தார். புதிய வானம், புதிய பூமி. பழைய பூமி ஒழிந்துபோகும், கடலும் அங்கே இருக்காது என்று சொல்லி நிமிர்ந்தார். வழக்கமாக அந்த இடத்தில் அல்லேலூயா வர வேண்டும். வரவில்லை. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

பின்வரிசையிலிருந்து குப்பன் எழுந்தார். கடலிலேயே கிழவனானவர்.

"ஐயா, கடல் இல்லன்னா நாங்க அங்க வந்து இன்னா பண்றது?"

"அங்க வேலையே செய்ய வேணாம் பெரியவரே. இளைப்பாறுதல்தான்."

"சும்மாவே குந்திக்கினு இருக்கணுமா? எத்தினி நாளைக்கு?"

"நித்திய காலத்துக்கும்."

"அடப் போய்யா," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார் குப்பன். சபை சிரித்துவிட்டது. கடல் என்றால் வேதத்தில் கொந்தளிப்பு, தீமை, அதிலிருந்துதான் மிருகம் எழும்பும் என்றெல்லாம் பாஸ்டர் விளக்கினார். யாருக்கும் மனசு ஆறவில்லை. ராஜவேலுவுக்கும்தான். கடல் இல்லாத பூமியை அவரால் கண்ணுக்குள் கொண்டுவரவே முடியவில்லை. ஊர் எங்கே முடியும்? காற்று எங்கிருந்து வரும்?

இந்த யோசனையோடு மறுநாள் பழவேற்காட்டுக்கு, கௌஸ் மைதீனின் என்ஜின் சாமான் கடைக்குப் போனார். இருவரும் பள்ளிக்கூடத்துத் தோழர்கள். கௌஸ் மைதீன் ஒரு பம்ப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ராஜவேலு ஸ்டூலில் உட்கார்ந்து, நினைவில்லாமலே, தொடையில் தாளம் போட்டு அந்தப் பழைய பாட்டை முனகிக்கொண்டிருந்தார். கௌஸின் மகள் மர்யம் கடைக்குள் வந்தாள். ஊரில் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். விடுமுறைக் காலம். தகப்பனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். தூக்குவாளியை வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"மாமா, இன்னொரு வாட்டி பாடுங்க."

"எதை? நோமோசியா?"

"நோமோசி இல்ல மாமா. நோ மோர் சீ. சீன்னா கடல். இனிமே கடல் இல்லன்னு பாடுறீங்க."

ராஜவேலு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு? நானா?" என்றார்.

"நீங்கதான். சின்ன வயசுல இருந்து கேக்குறேன், நோமோசின்னு ஏதோ சொல்றீங்கன்னு விட்டுட்டேன். இப்ப மெதுவாப் பாடுனதும் புரிஞ்சிது. முன்னாடி இருக்கிறதும் பாடுங்க."

அவர் முதலிலிருந்து பாடினார். பாட்டாக அல்ல, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல். மர்யம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சில இடங்களில் தலையை ஆட்டினாள், சில இடங்களில் ஒன்றும் விளங்கவில்லை என்றாள். 'செவந்த ரம்பை' வந்ததும் சிரித்தே விட்டாள்.

"செவன்த் ட்ரம்பெட் மாமா. ஏழாவது ஊதுகுழல்."

"ஊதுகொழலா? எக்காளமா?"

"எக்காளம்னும் சொல்லலாம். அப்புறம் அந்த கிலாஸ், டம்ளர் இல்ல. சீ ஆஃப் கிளாஸ். கண்ணாடிக் கடல். அது மேல நெருப்பு எரியுதாம்."

ராஜவேலு எழுந்து நின்றுவிட்டார். ஏழாம் எக்காளம். நெருப்புக் கலந்த கண்ணாடிக் கடல். இனிக் கடல் இல்லை. மூன்றும் பாஸ்டர் வாயிலிருந்து இந்தக் கோடையில் கேட்டவை. டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிக்கொண்டு, குப்பம் குப்பமாகப் போய், கடல் ஜனங்களைச் சேர்ந்து கத்த வைத்து, இத்தனை காலமும் இதையா பாடிக்கொண்டிருந்தோம்?

கௌஸ் மைதீன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "எங்கள்லயும் இருக்கு வேலு. அந்த நாள்ல கடல் கொதிக்கும்னு ஓதியிருக்கோம்."

"இன்னா பாய் நீங்க. ரெண்டு பேருமே கடல்ல வந்து கைய வெக்கிறீங்க?"

சொல்லிவிட்டு ராஜவேலு நேரே தோணிரேவுக்குப் போனார்.

சிகாமணி பாஸ்டர் கேட்டதும் முதலில் நம்பவில்லை. இங்கிலீஷ் ராக் என்றாலே பிசாசின் இசை என்று பல தரம் பிரசங்கித்தவர் அவர். ராஜவேலு ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, பைபிளைத் திறந்து விரல் வைத்துக்கொண்டே வந்தார். முகம் மாறியது.

"பிரதர், இது சாதாரண விஷயம் இல்ல. குடிச்சி, ஆடித் திரிஞ்ச வெள்ளக்காரன் வாயில கர்த்தர் வார்த்தைய வெச்சிருக்காரு. அது பஜார் வழியா உங்க கையில வந்திருக்கு. நம்ம முகத்துவாரம் மூடிக்கிச்சி, பாத்தீங்களா? தீர்க்கதரிசனம் நிறைவேறுது."

அடுத்த மாதம் ஏரிக்கரையில் மூன்று நாள் கூட்டம் வைத்திருந்தார். அதில் இந்தப் பாட்டை ராஜவேலு வாசித்துச் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். நோட்டீஸிலும் அடித்துவிட்டார்கள்: 'கடல் இல்லாமற்போகும் நாள் – அன்றே பாடப்பட்ட தீர்க்கதரிசனம்!'

நோட்டீஸ் கோட்டைக்குப்பத்துக்கு வந்து சேர்ந்ததும் ராஜவேலுவின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. வலை பின்னும் இடத்தில் பச்சைமுத்து என்கிறவன் எல்லோர் முன்னிலையிலும் கேட்டான்: "இன்னா நோமோசி, கடல் இல்ல கடல் இல்லன்னு நீ பாடிப் பாடித்தான் முகத்துவாரம் தூந்துபோச்சாமே?" சிரிப்பாகத்தான் கேட்டான். ஆனால் சிரிக்காதவர்களும் அங்கே இருந்தார்கள். நாங்களும் சேர்ந்துதானே கத்தினோம் என்று ஒருவர் முணுமுணுத்தார்.

அமுதவல்லி மீன் கூடையை இறக்கி வைத்ததும் வைக்காததுமாகப் பிடித்துக்கொண்டாள். "உன் பாஸ்டரு சாமி கடல எடுத்துட்டா மீனெல்லாம் எங்கய்யா போவும்? கடல் இல்லன்னு கத்துறதுக்கா என்னக் கட்டிக்கினு வந்த?"

"எனக்கு மட்டும் தெரியுமா? நானே இப்பத்தான் கேள்விப்பட்டேன்."

"தெரியாமத்தான் எல்லாம் பண்ணுவ. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

ராஜவேலுவுக்குக் கோபம் வரவில்லை. வேறொன்று குடைந்துகொண்டிருந்தது. இதை எழுதினவன் யார்? எந்த ஊர்க்காரன்? கடல் போகும் என்று சந்தோஷத்தில் பாடினானா, வயிறெரிந்து பாடினானா? கேசட்டில் அந்தக் குரலைக் கேட்டால் அழுவதுபோலவும் இருக்கும், கொண்டாடுவதுபோலவும் இருக்கும். டேப் தீர்ந்துபோன பிறகு என்ன பாடினான்?

கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடி கௌஸ் மைதீன் கடைக்குப் போனார். பாட்டின் பெயர் தெரியாது, குழுவின் பெயர் தெரியாது, எப்படித் தேடுவது என்று மர்யம் யோசித்தாள். பிறகு, "வாசிச்சிக் காட்டுங்க மாமா, போனே கேட்டுக் கண்டுபிடிக்கும்" என்று கைபேசியை நீட்டினாள். அவர் ஆரம்பத்து நடுக்கத்தை வாசித்தார். போன் தப்பாக ஏதேதோ காட்டியது. மூன்றாம் தரம் வாசித்தபோது அதே குரல், அதே டிரம்ஸ், கடைக்குள்ளே முழங்கியது. தலைமுடி தோள்வரை விட்ட மெலிந்த பையன்கள் நாலு பேர் ஒரு மங்கலான படத்தில் நின்றார்கள். ராஜவேலு அவர்களை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். "பசங்களா இருக்கானுங்களே," என்றார்.

கேசட் நின்றுபோகும் இடம் வந்தது. பாட்டு நிற்கவில்லை. டிரம்ஸ் அடங்கி, கிட்டார் மட்டும் தனியாக நடந்தது. கத்திக்கொண்டிருந்தவன் இப்போது காதோரம் பேசுவதுபோலப் பாடினான். இன்னொரு சரணம் இருந்தது. மர்யம் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டாள்.

"இன்னாம்மா சொல்றான்?"

"கப்பல் ஏறிப் போனியே, அதோ அந்தக் கரையில நிக்கிறியே, நான் நடந்தே வர்றேன்னு சொல்றான் மாமா. காலு நனையாம வர்றேன். உனக்கும் எனக்கும் நடுவுல இனிமே கடல் இல்ல."

 கௌஸ் மைதீன், "பிரிஞ்சவன் பாட்டுடா இது," என்றார். வீடியோவின் கீழே ஆட்கள் எழுதியிருந்ததை மர்யம் படித்துக் காட்டினாள். பாடினவன் போதகர் வீட்டுப் பிள்ளை, வேதத்திலிருந்துதான் எடுத்தான் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதெல்லாமில்லை, காதலி கப்பலேறிப் போய்விட்டாள், அவ்வளவுதான் என்று இன்னொருவர். இருவரும் அங்கேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டுமே ஏன் இருக்கக் கூடாது என்று ராஜவேலு கேட்டார். மர்யம் சிரித்துவிட்டு, சரணத்தைத் தமிழில், மெட்டுக்கு ஏறத்தாழ உட்காரும்படி மாற்றிக் கொடுத்தாள்.

சாயங்காலம் அமுதவல்லி வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். ராஜவேலு படியில் உட்கார்ந்து அந்தச் சரணத்தை மட்டும் பாடினார். அவள் கை நின்றது. தீனா போய் இரண்டு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் போனில் முகத்தைக் காட்டுவான், பாதியில் படம் உறைந்துவிடும்.

"இதுவும் அதுல இருக்குதா?"

"இதுதான் கடைசி."

"அப்ப அந்தக் கடல எடுத்துக்கட்டும்," என்றாள் அமுதவல்லி. "நமக்கும் புள்ளைக்கும் நடுவுல கெடக்குதே, அத மட்டும். மிச்சத்த வுட்டுடச் சொல்லு."

கூட்டத்துக்கு முந்தின நாள் ராஜவேலு பாஸ்டரிடம் கடைசிச் சரணத்தைப் பாடிக் காட்டினார். பாஸ்டருக்குப் பிடிக்கவில்லை. "அது வேணாம் பிரதர். ஜனங்க நடுங்குற நேரத்துல அது காதல் பாட்டாப் போயிடும். எக்காளத்தோட நிறுத்திக்குங்க."

"இத்தினி வருசமா பாதிலதான் நிறுத்தினேன் பாஸ்டர். அது டேப்போட குத்தம். இப்பத் தெரிஞ்சி நிறுத்துனா என் குத்தம்." சொல்லிவிட்டு, வெகுநாளாக மனசில் கிடந்ததைக் கேட்டார்: "அந்தக் கடைசிப் புத்தகத்த எழுதினாரே, அவரு எங்க குந்தி எழுதினாரு?"

"யோவானா? பத்மு தீவுல. கைதியா வெச்சிருந்தாங்க."

"தீவுலயா?"

"ஆமா. அவர் சபையெல்லாம் அக்கரையில. இவர் மட்டும் தனியா..." பாஸ்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஏரிப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் மீஞ்சூர்க்காரர், கடல் தொழில் அறியாதவர்; கடலை ஒரு வழி என்றும் நினைத்ததில்லை, சுவர் என்றும் நினைத்ததில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "சுத்தியும் கடல் பிரதர். அவருக்கு அதுதான் ஜெயில் மதில். நான் இத யோசிச்சதே இல்ல."

முழுவதும் பாடுங்கள் என்றார்.

கூட்டத்தின் முதல் நாள், வெயில் தாழ்ந்த நேரம். தோணிரேவு, கோட்டைக்குப்பம் ஆட்கள், பழவேற்காட்டிலிருந்து கௌஸ் மைதீன் குடும்பம், வேடிக்கை பார்க்க வந்த பச்சைமுத்து உட்பட எல்லோரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ராஜவேலு கிட்டாரை மடியில் ஏற்றிச் சுருதி சேர்த்தார். இத்தனை தரம் பாடிய பாட்டை முதன்முதலாக அர்த்தம் தெரிந்து பாடினார். கூட்டம் பழைய பழக்கத்தில் 'நோமோசி'க்கு வாய் திறந்து, பாதியிலேயே மூடிக்கொண்டது. கடைசிச் சரணத்தை இங்கிலீஷில் பாடிவிட்டுத் தமிழில் பாடினார். பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் அங்கே நிறைய.

பாஸ்டர் அன்றைக்குப் பயமுறுத்தவில்லை. தீவில் அடைபட்ட ஒருவன் கடலைப் பார்த்து என்ன நினைத்திருப்பான் என்பதிலேயே நின்றார். முடிந்ததும் குப்பன் எழுந்தார்.

"நீ சொல்றது நியாயமாத்தான் இருக்குது ஐயா. ஆனா எனக்குக் கடல் வேணும்."

"நானும் கேட்டுப் பாக்குறேன் பெரியவரே," என்றார் பாஸ்டர்.

எல்லோருக்கும் இது ருசிக்கவில்லை. இரண்டாம் நாள் பிரசங்கத்துக்குச் சென்னையிலிருந்து வந்த போதகர் ஒருவர், உலகப் பாட்டை மேடையேற்றியது பாவம் என்று மைக்கிலேயே சாடினார். நாலைந்து குடும்பங்கள் அவரோடு சேர்ந்துகொண்டு ஜெபவீட்டுக்கு வருவதை நிறுத்தின.  அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் சிகாமணி பாஸ்டர் ராஜவேலுவின் நாற்காலியை அதே இடத்தில் போட்டு வைத்தார். ஞானஸ்நானத்தைப் பற்றி இப்போது கேட்பதில்லை. அதற்குப் பதில் இருவரும் பைபிளை விரித்து வைத்துக்கொண்டு, எழுதினவர் எந்த ஊரில் இருந்தார், என்ன தொழில் செய்தார், எதைப் பார்த்துக்கொண்டு எழுதினார் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

முகத்துவாரத்தை ஊர்க்காரர்களே இயந்திரம் வைத்துக் கொஞ்சம் வெட்டிவிட்டார்கள். மழைக்குப் பிறகு தண்ணீர் ஒரு மாதிரி ஓடியது, திரும்பவும் மணல் சேர்கிறது. தீனா அடுத்த வருஷம் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

ராஜவேலுவுக்கு இப்போது வேறொரு வேலை சேர்ந்திருக்கிறது. அந்தக் காலத்தில் அவர் அர்த்தம் தெரியாமல் பாடின இங்கிலீஷ் பாட்டுகள் இன்னும் ஏழெட்டு உண்டு. கடைக்குப் போகும்போதெல்லாம் ஒன்றை மர்யத்திடம் பாடிக் காட்டுகிறார். போன வாரம் பாடியது உருக்கமான மெட்டு. கல்யாண வீடுகளில் அதைக் கேட்டுக் கண்கலங்கினவர்கள் உண்டு. மர்யம் இரண்டு தரம் கேட்டாள்.

"மாமா, இது கார் சாவியத் தொலைச்சவன் பாட்டு."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும். வீடு பூராத் தேடுறான்."

"கெடச்சிதா?" என்று கேட்டுக்கொண்டே ராஜவேலு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.